ஊர்ப் பத்திரிகை என்னும் பள்ளிக்கூடம்

டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில், லிம்ஃபியோர்ட் என்னும் கடல்நீர்ப் பரப்பு நிலத்துக்குள் வளைந்து நுழையும் இடத்தில் ஸ்கீவ நகரம் இருக்கிறது. ஊரில் ஏறத்தாழ 20,000 பேர். சுற்றியுள்ள சாலிங் தீபகற்பத்துக் கிராமங்களையும் சேர்த்தால் நகராட்சியின் மக்கள்தொகை 45,000-ஐ ஒட்டி வரும். தமிழ்நாட்டில் ஒரு தாலுகா தலைநகரை விடச் சிறிய ஊர். இந்த ஊரில் 1880-ல் 'ஸ்கீவ ஃபோல்கெப்ளாட்' என்ற செய்தித்தாள் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1882-ல், சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். ஒரு பேரரசின் மாகாணத் தலைநகரில் பிறந்து, 1899-ல் தமிழின் முதல் நாளிதழாக வளர்ந்து, பாரதியை உதவி ஆசிரியராக வைத்திருந்த தாள் இன்று இல்லை. பன்றிப் பண்ணைகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் நடுவே பிறந்த ஸ்கீவ தாள் அதே பெயரில் இன்றும் வெளிவருகிறது.

அது எப்படி நிலைத்தது என்பதைவிட, அது நிலைத்திருந்த காலம் முழுவதும் வேறு என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செய்தி கொடுத்தது, விளம்பரம் போட்டது, கட்சி பேசியது. இவற்றோடு, யாரும் திட்டமிடாமலேயே, செய்தி எழுதத் தெரியாத இளைஞர்களைச் செய்தியாளர்களாக்கியது. டென்மார்க்கின் ஒவ்வொரு ஊர்ப் பத்திரிகையும் இந்த வேலையைச் செய்தது. அச்சுத்தாள் சுருங்கும் இந்த நாள்களில் சந்தா எண்ணிக்கை பற்றியும் விளம்பர வருவாய் பற்றியும் நிறையப் பேசுகிறோம். அந்தப் பயிற்சி மேசை என்ன ஆகும் என்று குறைவாகவே பேசுகிறோம்.

1849-ல் டென்மார்க்குக்குக் கிடைத்த அரசியல் சாசனம் அச்சுச் சுதந்திரத்தை உறுதி செய்தது. அதற்குப் பின் வந்த அரை நூற்றாண்டில் சிற்றூர்கள் எங்கும் செய்தித்தாள்கள் முளைத்தன. ஓரளவு பெரிய ஊர் என்றால் நான்கு தாள்கள் இருப்பது வழக்கமாயிற்று: பழமைவாதிகளுக்கு ஒன்று, விவசாயிகளின் வென்ஸ்ட்ர கட்சிக்கு ஒன்று, 1905-ல் அதிலிருந்து பிரிந்த ராடிகேல வென்ஸ்ட்ர கட்சிக்கு ஒன்று, தொழிலாளர்களின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஒன்று. ஸ்கீவ ஃபோல்கெப்ளாட் ராடிகேல பக்கம் நின்றது. ஒரு வீட்டுக்கு எந்தத் தாள் வருகிறது என்று பார்த்தால் அந்த வீட்டின் ஓட்டு எங்கே விழும் என்று அயலார் சொல்லிவிடுவார்கள். முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில், முப்பது லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில் 140-க்கும் மேற்பட்ட நாளிதழ்கள் இருந்தன. இன்று மக்கள்தொகை அறுபது லட்சம். நாளிதழ்கள் முப்பதை ஒட்டியே இருக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை இரண்டு மூன்று பெரிய குழுமங்களின் கையில். 2015-ல் உருவான 'யூஸ்க் ஃபூன்ஸ்க மீடியர்' மட்டுமே யூலாந்திலும் ஃபூன் தீவிலுமாகப் பல ஊர்த் தாள்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது.

ஊரில் நான்கு தாள்கள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியதில் லாபமும் உண்டு. தன் கட்சிக்காரனின் தவறை மறைப்பது அன்றைய தாளின் இயல்பு. எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு நிருபரே போகாமல் விடுவதும் உண்டு. 1905-ல் ஹென்ரிக் காவ்லிங் 'பொலிட்டிகென்' நாளிதழின் ஆசிரியரானபோது, கட்சிக்காரனுக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்குமான செய்தித்தாள் என்ற எண்ணத்தைக் கோபன்ஹேகனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஊர்களுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஊரில் ஒரே தாள் எஞ்சிய பிறகு, அந்தத் தாள் எல்லாருக்கும் பொதுவாக நடந்துகொள்ள வேண்டியதாயிற்று. நகரசபையில் என்ன நடந்தது என்பதை இரண்டாவது நிருபர் ஒருவர் வேறு விதமாக எழுதி மறுநாளே பக்கத்துத் தாளில் போடுவார் என்ற பயமும் அதோடு போயிற்று. அந்தப் பயம் ஒரு நல்ல ஆசிரியர்.

வட்டார மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஸ்கீவ பகுதி கொடுத்த பெரிய பெயர் யெப்ப ஓக்கேர். 1866-ல் ஸ்கீவ அருகே ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கவிஞர். கோபன்ஹேகனில் பொலிட்டிகென் தாளில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவர். பண்ணைக் கூலிகளின் நிலையைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1904-ல் வெளிவந்தபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. பிற்பாடு அவர் சாலிங்கில் அமைத்த யென்ல பண்ணையின் கோடைக்கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். செய்தித்தாள் மேசைக்கும் ஊர் மண்ணுக்கும் இடையே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்த காலம் அது.

அன்றைய தாள் எப்படி வாசகரைச் சென்றடைந்தது? விபோர்க் நகரிலிருந்து ஸ்கீவ வரை ரயில் 1864-ல் வந்தது. அங்கிருந்து வடக்கே கிளிங்கோர துறைமுகம் வரையான கிளைப்பாதை 1884-ல் திறக்கப்பட்டது. ரயிலும் கிராமத் தபால்காரரும் செய்தித்தாளைப் பண்ணை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஊர்த் தாள்களில் பல பிற்பகலில் வெளிவந்தன. காலையில் நடந்ததை மாலையில் விளக்கடியில் படிக்கலாம். கிளிங்கோர பாதையில் பயணிகள் ரயில் 1971-ல் நின்றது. இன்று அந்தப் பாதை சைக்கிள் ஓட்டுவோருக்கும் நடப்போருக்குமான பசுமைத்தடம். தபாலின் கதை அண்மைக்காலத்தது. 1624-ல் தொடங்கிய அரசுத் தபால் சேவையின் வழிவந்த போஸ்ட்நோர்ட் நிறுவனம், கடிதங்களின் எண்ணிக்கை 2000-த்திலிருந்து தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சரிந்த நிலையில், 2025 டிசம்பர் 30-ம் தேதியோடு டென்மார்க்கில் கடிதம் கொண்டுசெல்வதை நிறுத்திக்கொண்டது. தெருவோரச் சிவப்புப் பெட்டிகள் அந்த ஆண்டிலேயே கழற்றப்பட்டன. கடிதம் அனுப்ப விரும்புவோர் இப்போது நாடும் 'டாவோ' நிறுவனம், செய்தித்தாள் விநியோகத்துக்காகவே பிறந்தது. அன்று செய்தித்தாள் தபாலை நம்பி ஊர்ந்தது. இன்று எஞ்சிய தபால், செய்தித்தாளுக்காக உண்டான விநியோக அமைப்பை நம்பி நிற்கிறது.

இனி அந்தப் பயிற்சி மேசைக்கு வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் டென்மார்க்கில் செய்தியாளராக விரும்பிய இளைஞருக்குப் பள்ளி எதுவும் இல்லை. ஊர்த் தாளின் ஆசிரியரைப் போய்ப் பார்ப்பார். ஆசிரியருக்குப் பிடித்திருந்தால் பயிலுநராகச் சேர்வார். தச்சுப் பட்டறையிலோ ரொட்டிக்கடையிலோ சேர்வது போலத்தான். முதலில் அவருக்குக் கிடைப்பவை சின்ன வேலைகள்: ஏலம், பால் விலை, தீ விபத்து, மாதர் சங்கக் கூட்டம், ஐம்பதாவது பிறந்தநாள், திருமணப் பொன்விழா, மரண அறிவிப்பு. பெயர் தவறக்கூடாது என்பது முதல் பாடம். யென்சன், நீல்சன், ஹான்சன் என்ற மூன்று பெயர்களுக்குள் நாட்டில் ஏராளமானோர் அடங்கிவிடும் இடத்தில் அது எளிய பாடம் அல்ல. எந்தப் பண்ணையின் யென்சன், எந்த ஊர் நீல்சன், அவர் தகப்பனார் யார் என்று கேட்டு எழுதாவிட்டால் மறுநாள் வேறொரு யென்சன் வாசலில் வந்து நிற்பார். எழுதிய தாள் கீழ்த்தளத்து அச்சுக்கூடத்துக்குப் போகும். லைனோடைப் இயந்திரத்தில் ஈயத்தை வரிவரியாக வார்க்கும் அச்சுக்கோப்பாளர், தேதி இடிக்கிறது என்றோ நகரசபை உறுப்பினர் பெயரில் ஓர் எழுத்து பிழை என்றோ மேலே திருப்பி அனுப்புவார். ஒரு செய்தியைப் பதிப்புக்கு முன் நான்கு ஜோடிக் கண்கள் பார்த்தன. பதிப்புக்குப் பின் முழு ஊரும் பார்த்தது. மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது எதிரில் நிற்பவரைப் பற்றித்தான் அவர் நேற்று எழுதியிருப்பார்.

அந்த முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். பயிலுநர் தன் ஆசிரியருக்குத் தெரிந்ததை மட்டுமே கற்றார். சட்டமோ பொருளாதாரமோ புள்ளியியலோ முறையாகப் படிக்க வழியில்லை. பெண்கள் பெரும்பாலும் மகளிர் பக்கத்தோடு நிறுத்தப்பட்டார்கள். ஆசிரியரின் கட்சி எதுவோ அதுவே பயிலுநரின் உலகமும் ஆனது. இதை மாற்ற 1946-ல் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பணியில் இருக்கும் செய்தியாளர்களுக்கான குறுகிய காலப் படிப்பு ஒன்று தொடங்கப்பட்டது. 1962-ல் அங்கே இதழியலுக்கான தனி உயர்கல்விப் பள்ளி உருவானது. 1970-களின் தொடக்கத்தில் அது நான்காண்டுப் படிப்பாயிற்று. ஊர்த் தாளில் நேராகப் பயிலுநராகச் சேரும் பழைய பாதை மெல்ல மறைந்தது.

அந்தப் பள்ளியை வடிவமைத்தவர்கள் செய்த ஒரு காரியத்துக்காக அவர்களை மதிக்கிறேன். பழைய பட்டறை முறையை அவர்கள் தூக்கி எறியவில்லை. படிப்பின் நடுவே வைத்தார்கள். நான்காண்டில் பதினெட்டு மாதங்கள் மாணவர் ஒரு செய்தி அறையில் முழுநேரமாக வேலை செய்தாக வேண்டும். ஊதியம் உண்டு; அதுவும் செய்தியாளர் சங்கத்தின் ஒப்பந்தப்படி. அங்கே அவர் வேடிக்கை பார்க்கும் விருந்தாளி அல்லர். பெயரோடு எழுதும் நிருபர். வகுப்பில் இருந்துவிட்டு ஊர்த் தாளுக்குப் போன மாணவர், நகரசபைக் கூட்டத்தையும் நீதிமன்ற வாய்தாவையும் விவசாயச் சங்கத் தேர்தலையும் நேரில் பார்த்துவிட்டு மீண்டும் வகுப்புக்கு வரும்போது கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். 1998-ல் ரொஸ்கில்ட, ஓடன்ச பல்கலைக்கழகங்களிலும் இதழியல் படிப்பு தொடங்கி ஓர்ஹூஸ் பள்ளியின் தனி உரிமை முடிந்தது. அவையும் ஓராண்டு ஊதியப் பணியைப் படிப்பின் பகுதியாக ஏற்றன. மாணவர்கள் செய்தி அறைகளில் இடம் தேடி விண்ணப்பிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் முடிவு தெரியும்; அந்த நாளுக்கு அவர்களே 'பதற்ற நாள்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோரின் கண் தேசிய நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் இருக்கும். இடங்களில் நல்ல பங்கை நெடுங்காலம் கொடுத்தவை ஊர்த் தாள்கள்.

எழுதுவோருக்கும் அச்சிடுவோருக்கும் இடையே இருந்த சுவர் வேறொரு வழியில் இடிந்தது. கணினியில் எழுத்துக்கோப்பு வந்தபோது அச்சுக்கோப்பாளர்கள் தங்கள் தொழில் போகிறதென்று உணர்ந்தார்கள். 1977-ல் கோபன்ஹேகனின் பெர்லிங்ஸ்க பத்திரிகை நிறுவனத்தில் நடந்த தகராறு 141 நாள்கள் நீடித்தது. 1749-லிருந்து வெளிவரும் அந்த நிறுவனத்தின் தாள் அந்த நாள்களில் வெளிவரவில்லை. சமரசம் வந்தது, தொழில் திரும்பி வரவில்லை. 2008-ல் ஓர்ஹூஸ் இதழியல் பள்ளியும் கோபன்ஹேகனின் அச்சுக்கலைப் பள்ளியும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஒரு காலத்தில் மேல்மாடியும் கீழ்த்தளமுமாகப் பிரிந்திருந்த இரண்டு தொழில்கள் ஒரே கல்லூரியாயின. வகுப்பறையில் சேர்ந்த அதே ஆண்டுகளில், செய்தி அறைகளில் அந்தக் கீழ்த்தளமே காலியாகிக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பும் கண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இன்று பல ஊர்களில் இளம் நிருபர் தானே எழுதி, தானே படம் எடுத்து, தானே தலைப்பிட்டு, தானே இணையத்தில் ஏற்றுகிறார்.

பணம் எங்கே போயிற்று என்பது எல்லா நாட்டிலும் ஒரே கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீடு, கார், வேலை, பழைய சாமான் விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின. 1981-ல் அச்சுத் தாளாகவே தொடங்கிய 'டென் ப்ளோ அவிஸ்' என்ற வரி விளம்பர இதழே இப்போது வெறும் இணையதளம். மீதி விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போயிற்று. 2006-ல் கோபன்ஹேகனில் இலவச நாளிதழ்கள் ஒன்றோடொன்று மோதி, இரண்டே ஆண்டில் முக்கியமானது மூடப்பட்ட கதை, வாசகர்கள் செய்திக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தை இன்னும் தளர்த்தியது. 2021-ல் டேனிஷ் பதிப்பாளர்கள் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களோடு தனித்தனியாகப் பேசாமல் ஒன்றாகப் பேச ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். செய்திக்கு இணையத்தில் காசு கொடுப்பவர்கள் நார்வேயில் பத்தில் நான்கு பேர். டென்மார்க்கில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்.

ஆனால் ஒரு மாற்றத்தைக் குறித்துச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பணத்தைப் பற்றியது அல்ல. 2007-ல் டென்மார்க் தன் நகராட்சிகளை 271-லிருந்து 98 ஆகக் குறைத்தது. ஸ்கீவ நகராட்சியோடு சாலிங்சுண்ட், ஸ்பொட்ரூப், சுன்சோர என்ற மூன்று சிறு நகராட்சிகள் சேர்ந்தன. முன்பு நான்கு சபைகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்று. நிர்வாகத்துக்கு அது நன்மையாக இருந்திருக்கலாம். நிருபர் பயிற்சிக்கு அது இழப்பு. கற்றுக்கொள்பவர் தவறு செய்தாலும் பெரிய சேதம் வராத, ஐந்தாறு பேர் மட்டும் பார்வையாளர்களாக இருக்கும் சிறு சபைக் கூட்டம்தான் இளம் நிருபருக்கு ஏற்ற இடம். வரவுசெலவு அறிக்கையில் எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும், கூட்டம் முடிந்தபின் எந்த உறுப்பினரிடம் நடைக்கூடத்தில் பேச வேண்டும் என்பதை அங்கேதான் கற்க முடியும். அத்தகைய மூன்று சபைகள் ஒரே நாளில் இல்லாமல் போயின.

அரசு கைகட்டி நிற்கவில்லை. அச்சுத்தாளுக்கு மதிப்புக்கூட்டு வரி இல்லை. 2019 முதல் இணையப் பதிப்புக்கும் இல்லை. 2014 வரை உதவித்தொகை செய்தித்தாளை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டிலிருந்து, செய்தி தயாரிக்கும் ஆட்களை வைத்திருப்பதற்குக் கிடைக்கிறது; தாளில் வந்தாலும் திரையில் வந்தாலும் ஒன்றே. சுமந்துசெல்வதற்கு உதவுவதிலிருந்து எழுதுவதற்கு உதவுவதற்கு மாறிய இந்தச் சட்டம், அண்மைக்கால ஊடகச் சட்டங்களில் எனக்குத் தெரிந்தவற்றுள் அறிவார்ந்த ஒன்று.

திரை கொண்டுவந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஸ்கீவ ஊரில் பிறந்து கோபன்ஹேகனில் வேலை பார்ப்பவர் தன் ஊர்ச் செய்தியை அன்றன்றே படிக்கிறார். பிழை இருந்தால் மறுநாள் மூலையில் திருத்தம் போடக் காத்திருக்க வேண்டாம். ஒலிவழிச் செய்தியை மையமாகக் கொண்டு உறுப்பினர் கட்டணத்தில் இயங்கும் 'செட்லண்ட்' போன்ற புதிய முயற்சிகள் அச்சு இயந்திரமே இல்லாமல் ஆழமான செய்தி எழுத முடியும் என்று காட்டியிருக்கின்றன. ஓர்ஹூஸ் நகரில் 2017-ல் தொடங்கிய ஆக்கபூர்வ இதழியல் நிறுவனம் பல நாட்டுச் செய்தியாளர்களை அழைத்துப் பயிற்சி கொடுக்கிறது. டேனிஷ் அரச நூலகத்தின் 'மீடியாஸ்ட்ரீம்' தளத்தில் நூறாண்டுக்கு முந்தைய நாளிதழ்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஊர்த் தாளில் வந்த ஏல அறிவிப்பை இன்று சென்னையிலிருந்தும் பார்க்கலாம்.

நம் பக்கத்து நிலையை இங்கே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டேனிஷ் அரசர் அனுப்பிய மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1713-ல் தமிழ் எழுத்துகளோடு அச்சகத்தை இயக்கினார்; 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கிருந்து வெளிவந்தது. அச்சு நமக்கு வந்த வழிகளில் முக்கியமான ஒன்று டென்மார்க் வழி. அச்சிட்டதைக் காக்கும் பழக்கம் மட்டும் நமக்கு மிகத் தாமதமாக வந்தது. 1981-ல் யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாள்களில் 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் கொளுத்தப்பட்டது. சென்னையில் 1994 முதல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், இலங்கைத் தமிழருக்கு 2005 முதல் 'நூலகம்' மின்னூலகமும் தனியார் முயற்சியாகச் செய்யும் வேலையை டென்மார்க்கில் அரச நூலகம் செய்கிறது.

யாழ்ப்பாணத்து மூத்த செய்தியாளர்களிடம் பேசினால் ஈழநாடு தங்களுக்குப் பட்டறையாக இருந்தது என்பார்கள். கொழும்பில் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராகத் திறனாய்வாளர் கைலாசபதி இருந்த சில ஆண்டுகளில் ஒரு தலைமுறை எழுத்தாளர்களும் நிருபர்களும் அந்த மேசையில் உருவானார்கள். தமிழ்நாட்டில் விகடன் 1980-களில் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இன்றைய மூத்த செய்தியாளர்கள் பலரைக் கொடுத்தது. 1947-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை தொடங்கிவிட்டது. 2000-த்தில் ஆசிய இதழியல் கல்லூரி சென்னைக்கு வந்தது. வகுப்பும் இருந்தது, பட்டறையும் இருந்தது. டென்மார்க்கில் செய்ததுபோல் இரண்டையும் ஒரே படிப்புக்குள் சட்டமாகவும் ஊதியமாகவும் பிணைக்க நாம் இன்னும் முன்வரவில்லை. நம் மாவட்டங்களில் செய்தி சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரச் செய்தியாளர்கள். மாதச் சம்பளம் என்று சொல்லத்தக்கது அவர்களுக்கு இல்லை. விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும் அவர்கள் வேலையாகிறது. அங்கே யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

யூலாந்தின் சிற்றூர்களில் 1980-களில் அகதிகளாக வந்து குடியேறிய ஈழத்தமிழர்களுக்கும் செய்தித்தாளோடு ஓர் உறவு இருந்தது. முதல் வருமானமாகச் சிலருக்கு வாய்த்தது, விடியுமுன் சைக்கிளில் வீடு வீடாகத் தாள் போடும் வேலை. மொழிப்பள்ளியில் ஆசிரியர்கள் ஊர்த் தாளின் சிறிய செய்திகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். தங்களுக்கென்று கையெழுத்திலும் தட்டச்சிலும் சிற்றிதழ்கள் நடத்தினார்கள். அந்தச் சிற்றிதழ்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. ஊர் மரண அறிவித்தல்களை இப்போது அவர்கள் பார்ப்பது கைப்பேசியில். செய்தி சில நிமிடங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து யூலாந்தின் ஹேர்னிங்குக்கு வந்துவிடுகிறது. இரண்டு வாரம் பழசான தாள் உறவினர் கையில் வந்து சேர்ந்த காலத்தில், இறந்தவரின் ஊர், உறவு, தொழில் எல்லாம் முழுதாக எழுதப்பட்டிருந்தன. அடுத்த தலைமுறை டேனிஷ் மொழியில் படித்து வளர்ந்திருக்கிறது. ஊர்த் தாள்களில் இடம் குறையக் குறைய, குடியேறிய வீட்டுப் பிள்ளை ஒருவர் தன் ஊரிலேயே நிருபராகப் பழகும் வாய்ப்பும் குறைகிறது. நகரசபையைப் பற்றி எழுதுபவர்களில் அந்தப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஸ்கீவ அருகே இன்று 'கிரீன்லேப்' என்ற பசுமை ஆற்றல் பூங்கா இயங்குகிறது. காற்றாலை, சூரிய மின்சாரம், உயிரிவாயு, ஹைட்ரஜன் என்று தொழில்கள் அங்கே ஒன்றையொன்று சார்ந்து அமைகின்றன. ஒரு சின்ன ஊரின் நிலம், வரி, வேலை எல்லாம் அதோடு பிணைந்திருக்கின்றன. இந்தச் செய்தியை எழுத, பழைய பயிலுநருக்குத் தெரிந்த பால் விலையும் போதாது, கல்லூரி கற்பிக்கும் தரவுப் பகுப்பாய்வும் போதாது. நிலத்தை விற்ற விவசாயியின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடிக்கவும் தெரிய வேண்டும். முதலீட்டு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் படிக்கவும் தெரிய வேண்டும். செயற்கை நுண்ணறிவு இன்று கூட்டத்தின் ஒலிப்பதிவை எழுத்தாக்கிக் கொடுக்கும், சுருக்கியும் தரும். அன்று பயிலுநர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து குறித்ததை அது மூன்று நிமிடத்தில் முடித்துவிடும். நேரம் மிஞ்சுகிறது, அது நல்லது. ஆனால் மூன்று மணி நேரக் கூட்டத்தில் எந்த உறுப்பினர் எந்தக் கேள்வியின்போது பேசாமல் குனிந்துகொண்டார் என்பது ஒலிப்பதிவில் இருக்காது. மிஞ்சிய நேரத்தை மேசையில் இருந்து இன்னும் நான்கு செய்திகளை மாற்றி எழுதச் செலவழிப்பதா, அந்த உறுப்பினரைத் தேடிப் போகச் செலவழிப்பதா என்பதைப் பொறுத்தே இனி வரும் நிருபரின் தரம் அமையும்.

அச்சு போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அது போவதைத் தடுக்க யாராலும் முடியாது. காப்பாற்றக்கூடியது, காப்பாற்ற வேண்டியது, சிறிய ஊரில் ஊதியத்தோடு கற்றுக்கொள்ள ஓர் இளைஞருக்குக் கிடைக்கும் ஓராண்டு. டென்மார்க் அதை ஐம்பது ஆண்டுகளாகப் படிப்பின் பகுதியாகவே வைத்திருக்கிறது. ஊர்த் தாள்கள் மெலியும்போது அந்த இடங்களும் மெலியும் ஆபத்து அங்கேயும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு தொடங்கவே இல்லை. சென்னையில் இதழியல் கற்பிக்கும் கல்லூரிகளும், மாவட்டப் பதிப்புகள் நடத்தும் நாளிதழ்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு மாணவரையும் ஓராண்டு திருவாரூருக்கோ தர்மபுரிக்கோ சிவகங்கைக்கோ சம்பளத்தோடு அனுப்ப வேண்டும். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுக்க அனுபவமுள்ள மாவட்ட நிருபர் ஒருவருக்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய அச்சு இயந்திரம் தேவையில்லை. பத்திரிகை நடத்துபவர்களும் கல்லூரி நடத்துபவர்களும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.